கரைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது

ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரி தீவுகளிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கரீபியக் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவை அடைய ஏறத்தாழ 2,700 கடல் மைல் போக வேண்டும். ஆண்டுதோறும் நவம்பரில் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பாய்மரப் படகுகள் இதற்காகக் கூடுகின்றன. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றைப் பாயில் வாங்கிக்கொண்டு, மணிக்கு ஐந்தாறு கடல் மைல் வேகத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் ஓடினால் மறுகரை வரும். பணி ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் மட்டுமே போகும் படகுகளும் இப்படிப்பட்ட பயணங்களில் உண்டு. அறுபதைத் தாண்டிய இருவரில் ஒருவருக்குப் பத்தாம் நாள் நெஞ்சு வலித்து உயிர் பிரிந்தால், மிஞ்சியவர் அந்த நிமிடமே படகோட்டி, மருத்துவர், ஒரே சாட்சி, துக்கம் காக்க வேண்டியவர் என எல்லாமாகவும் ஆகிவிடுகிறார். கரையேறியதும் போலீஸ் முதலில் கேள்வி கேட்கப்போவதும் அவரைத்தான். உடலை வைத்துக்கொண்டு கரைவரை போவதா, கடலிலேயே அடக்கம் செய்வதா என்று அவர் தனியாக முடிவெடுக்க வேண்டும். கடலில் அடக்கம் செய்வது பெரும்பாலான நேரங்களில் சரியான முடிவு என்பதும், அதைச் சரியான முடிவாக ஆக்குவது அவர் எழுதி வைக்கும் பதிவும் கிளம்புமுன் பேசி வைத்த பேச்சும்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் சில மணி நேரத்தில் உதவி என்று வருவது குரல் மட்டுமே. கரையிலிருந்து எழும்பும் மீட்பு ஹெலிகாப்டர், போய்த் திரும்பும் எரிபொருளைக் கணக்கிட்டால், சில நூறு கடல் மைலுக்கு அப்பால் வர முடியாது. சாட்டிலைட் போனில் அழைத்தால் கடலோர மீட்பு மையம் மருத்துவரோடு இணைத்துவிடும். ரோம் நகரில் 1935 முதல் இயங்கும் சர்வதேச வானொலி மருத்துவ மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை தருகிறது. அந்த அழைப்பு உயிரைக் காப்பாற்றாமல் போகலாம். ஆனால் இறந்ததை உறுதிசெய்ய வழிகாட்டும் ஒரு மருத்துவக் குரலும், எந்த நேரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று கரையில் பதிவாகும் ஒரு குறிப்பும் அதனால் கிடைக்கின்றன. அந்தக் குறிப்பின் மதிப்பு பின்னால் தெரியும். அதற்குள் காற்று வலுத்தால் பாயைச் சுருக்க வேண்டும், கப்பல்கள் குறுக்கே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும், தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருக்கலாம், பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். இங்கே பக்கத்து வீடு கிடையாது.

கரைவரை கொண்டுபோவதா என்ற கேள்விக்குப் பதில் தூரத்தைப் பொறுத்தது என்பதற்கு ஒரே படகில் நடந்த இரண்டு சம்பவங்கள் சான்று. உலகைச் சுற்றும் கிளிப்பர் பாய்மரப் போட்டியில் ஓடிய ஒரு பிரிட்டிஷ் படகில் 2015 செப்டம்பர் 4 அன்று போர்ச்சுகல் கரைக்கு அப்பால் ஒருவர் அடிபட்டு இறந்தார். படகு திசை மாறிப் போர்ட்டோ துறைமுகத்துக்குப் போய் உடலை ஒப்படைத்தது. ஏழு மாதம் கழித்து, 2016 ஏப்ரல் 1 அன்று, சீனாவின் சிங்தாவிலிருந்து அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போகும் வழியில் அதே படகிலிருந்து ஒரு பெண்மணி பசிபிக் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் தேடி அவரை மேலே தூக்கினார்கள், உயிர் இல்லை. குடும்பத்தாரிடம் பேசிய பிறகு மறுநாளே கடலில் அடக்கம் செய்தார்கள். இரண்டாவது குடும்பத்தின் அன்பு குறைந்ததல்ல. முன்னதில் துறைமுகம் எட்டும் தொலைவில் இருந்தது. பின்னதில் கரை வெகு தொலைவில், நடுவே குளிர்காலம் முழுசாகப் போகாத வட பசிபிக் கடல்.

பெரிய கப்பலின் நிலைமை வேறு. அங்கே குளிர்பதன அறை உண்டு, இருபது பேர் உண்டு, பின்னால் நிறுவனமும் இன்சூரன்சும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் கப்பல்களுக்காக வெளியிடும் மருத்துவக் கையேடு, கூடியவரை உடலைப் பாதுகாத்துக் கரையில் ஒப்படைக்கவே சொல்கிறது. கடல் தொழிலாளர் ஒப்பந்தத்தில் 2022-இல் செய்த திருத்தங்கள் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. கப்பலில் இறந்த ஊழியரின் உடலையோ அஸ்தியையோ குடும்பத்தின் விருப்பப்படி ஊருக்கு அனுப்ப நாடுகள் உதவ வேண்டும் என்கிறது ஒரு திருத்தம். அந்த விதி சும்மா வரவில்லை. 2021 ஏப்ரலில் ஓர் இத்தாலிய சரக்குக் கப்பலின் கேப்டன் ஆசியக் கடற்பகுதியில் கோவிட் தொற்றால் இறந்தார். துறைமுகம் துறைமுகமாகக் கேட்டும் எந்த நாடும் உடலை இறக்க அனுமதிக்கவில்லை. கடைசியில் கப்பலே இத்தாலிக்குத் திரும்பி, ஜூன் மாதம்தான் அவர் வீடு சேர்ந்தார். இரண்டு மாதம்! நிறுவனமும் ஆள்பலமும் பின்னால் இருந்த கப்பலுக்கே இந்த நிலை என்றால், நாற்பதடிப் படகில் ஒற்றையாக இருப்பவருக்குப் பெரிய கப்பலின் விதியை அப்படியே சொல்லிக் கொடுப்பதில் நியாயம் இல்லை.

சிறு படகில் தீர்மானிப்பது வெப்பம். வெப்பமண்டலக் கடலில் அறைக்குள் முப்பது டிகிரியை ஒட்டிய சூடு. இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் விறைப்பு தளர்ந்துவிடும், அதற்குள்ளேயே வயிற்றில் வாயு சேர்ந்து உடல் வீங்க ஆரம்பிக்கும். படகின் குளிர்பெட்டி பாலும் காய்கறியும் கொள்ளும் அளவுதான். கரைக்கு ஓரிரு நாள் தூரம் என்றால் துணியில் இறுக்கிச் சுற்றி, படகின் குளிர்ந்த மூலையில் கட்டிவைத்துப் போய்விடலாம். பத்து நாள் என்றால் முடியாது. உயிரோடு இருப்பவர் படுக்கும், சமைக்கும் இடமும் அந்த ஓர் அறைதான். அடக்கத்துக்கும் முறை இருக்கிறது. பிளாஸ்டிக் கூடாது, பழைய பாய்த்துணி போதும். வாயு வெளியேறத் துணியில் கீறல் விட வேண்டும், இல்லாவிட்டால் உடல் மேலே மிதந்து வரும். கால்மாட்டில் நல்ல எடை கட்ட வேண்டும், நங்கூரச் சங்கிலியில் ஒரு துண்டு தாராளமாகப் போதும். ஆழம் முக்கியம். அமெரிக்க விதிப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால், பொதுவாக 600 அடிக்குக் குறையாத ஆழத்தில்தான் எரிக்காத உடலை அடக்கலாம். முப்பது நாளுக்குள் சுற்றுச்சூழல் முகமைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் விட்ட உடலை நீரோட்டம் கரை சேர்க்கலாம், மீன்வலையும் இழுத்து வரலாம். நடு அட்லாண்டிக்கில் ஆழத்துக்குப் பஞ்சமில்லை.

முதல் மறுப்பு சட்டத்தின் பக்கமிருந்து வரும். உடல் போனால் பிரேத பரிசோதனை இல்லை. கொலையைக்கூட மாரடைப்பு என்று சொல்லிவிடலாமே என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மேலே சொன்ன இரண்டு கிளிப்பர் மரணங்களையும் பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு சேர்த்தே விசாரித்து ஒரே அறிக்கை வெளியிட்டது. பசிபிக்கில் இறந்தவர் பாதுகாப்புக் கயிற்றை மாட்டியிருக்கவில்லை என்பது உடல் இல்லாமலே தெரிந்தது. 2017 நவம்பரில் தென்கடலில் அதே போட்டியின் வேறொரு படகில் இறந்தவரையும் கடலில்தான் அடக்கினார்கள். அவருடைய பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி மேல்தளக் கட்டையொன்றில் சிக்கி, வளைந்து விட்டுக்கொடுத்ததை அந்தக் கொக்கியே காட்டியது. அதே 2017-இல் பஹாமாஸ் அருகே மனைவி காணாமல் போனதாகக் கணவர் சொன்ன வழக்கில் உடல் கிடைக்கவேயில்லை. ஆனாலும் படகின் அடிப்பாகத்தில் இருந்த துளைகள் உள்ளிருந்து போடப்பட்டவை என்று புலனாய்வாளர்கள் கண்டார்கள். அவர் கொலையாகாத மரணத்தை விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு எட்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். படகும் பொருளும் நேரக் குறிப்பும் பேசும் என்பதையே இவை காட்டுகின்றன. எனவே தனியாக இருப்பவர் லாக் புக்கில் எழுத வேண்டியவை நிறைய: அறிகுறி தொடங்கிய நேரம், கொடுத்த மருந்து, செய்த முதலுதவி, மூச்சு நின்ற நேரம், ஜிபிஎஸ் காட்டிய இடம், யாரை எப்போது அழைத்தது, அடக்கம் செய்த நேரமும் இடமும். முகத்தையும் உடலையும் படம் எடுக்க வேண்டும், கை நடுங்கினாலும். பாஸ்போர்ட், மோதிரம், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகள் எல்லாவற்றையும் தனியாக வைக்க வேண்டும். அடக்கத்துக்கு முன்பே, படகு எந்த நாட்டுக் கொடியில் பதிவானதோ அந்த நாட்டுக்கு மீட்பு மையம் மூலம் சொல்லிவிட வேண்டும். ஆழ்கடலில் படகின் மேல் அதிகாரம் அந்த நாட்டுக்கே. மறைத்தாலும் பயன் இல்லை. வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிரப்பும் கடல்சார் சுகாதார அறிவிப்புப் படிவத்தின் முதல் கேள்வியே பயணத்தில் விபத்தல்லாத காரணத்தால் யாராவது இறந்தார்களா என்பதுதான்.

இரண்டாவது மறுப்பு நமக்கு நெருக்கமானது. முகம் பார்க்காமல், கொள்ளி வைக்காமல், ஒரு பிடி மண் போடாமல் எப்படி அனுப்புவது? பெரிய மதங்கள் இந்தக் கேள்வியை முன்பே சந்தித்திருக்கின்றன. நிலம் எட்டாது, உடல் கெட்டுவிடும் என்ற அச்சம் இருந்தால் குளிப்பாட்டி, கஃபன் துணி அணிவித்து, தொழுகை நடத்தி, எடை கட்டிக் கடலில் இறக்கலாம் என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. இங்கிலாந்து திருச்சபையின் 1662 பிரார்த்தனை நூலிலேயே கடல் அடக்கத்துக்குத் தனி வாசகம் இருக்கிறது. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் வழக்கம் இந்துக்களிடம் உண்டு. எல்லாம் கடலோடிகளும் தொலைதூரம் போய்த் திரும்பாதவர்களும் இருந்த சமூகங்கள் கண்டுபிடித்த வழிகள். கடைசி முகம் பார்க்கவில்லை என்ற ஏக்கத்தை இவை முழுவதும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. அடக்கம் செய்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும், என்ன சொல்லி அனுப்பினோம் என்ற குறிப்பும், ஒரு படமும் குடும்பத்தின் கையில் இருந்தால், அவர்கள் சடங்கைத் தொடங்க ஓர் இடமாவது கிடைக்கும்.

உடலைக் கொண்டுவருவதே முறை என்று சொல்லக்கூடிய இடமும் நம் கடலில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீன்பிடிப் படகுகள் ஒரு மாதம்கூடக் கடலில் தங்கும். அவற்றில் மீன் வைக்க ஐஸ் உண்டு, துக்கத்தைப் பகிரவும் வேலை பார்க்கவும் பத்துப் பன்னிரண்டு கைகள் உண்டு. அங்கே உடலைக் கரைக்குக் கொண்டுவர முடியும், கொண்டுவரவும் வேண்டும். ஆனால் பதிவு இல்லாமல் போவதன் வலியை உலகத்துக்குக் காட்டியவையும் இதே ஊர்கள்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் போனவர்கள் பலரின் உடல் கிடைக்கவேயில்லை. ஏழு ஆண்டு செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்கிறது நம் சாட்சியச் சட்டம். அதுவரை மரணச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இல்லாமல் ஒரு பெண் வங்கிக் கணக்கையோ படகுக் கடனையோ என்ன செய்வாள்? அரசு அந்த ஏழாண்டைக் காத்திராமல் நிவாரணம் வழங்கியது விதிவிலக்கு. புயல் அத்தனை பெரியது என்பதால் கிடைத்தது. இருவர் மட்டுமே போன படகில் ஒருவர் இறந்தால் அப்படி ஒரு விதிவிலக்கு கிடைக்காது. அங்கே லாக் புக் பக்கமும் மீட்பு மையத்தின் குறிப்பும் சேர்ந்துதான் சான்றிதழுக்கு வழி திறக்கும்.

மிஞ்சுவது மூன்றாவது மறுப்பு: பயணம் கிளம்பும்போது சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம். வெள்ளைக்காரத் தம்பதிகளும் இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான், மொழி மட்டும் வேறு. ஆனால் அவர்கள் ஏற்கெனவே பாதி பேசிவிட்டார்கள். இத்தகைய பயணத்துக்கான படகில் இருக்க வேண்டிய, ஆபத்துச் செய்தி அனுப்பும் அவசர வானொலிக் கருவியைப் பதிவுசெய்யும்போது, ஆபத்து வந்தால் கரையில் யாரை அழைப்பது என்று ஒரு பெயரையும் எண்ணையும் எழுதுகிறார்கள். அந்தப் பெயருக்குரியவரிடம் ஒரு தாளை விட்டுவிட்டுப் போகலாம். இன்னொரு பிரதி படகில் நனையாத பெட்டியில் இருக்கட்டும். அதில் நாலே வரி: கரை இரண்டு நாளுக்குள் எட்டினால் கொண்டுபோ, எட்டாவிட்டால் கடலில் விடு, மதச் சடங்கு இது, என்னுடைய மருத்துவர் இவர். கீழே இருவர் கையெழுத்தும் தேதியும். பத்தாம் நாள் இரவில் தனியாக இருப்பவர் அந்தத் தாளைப் பிரிக்கும்போது, முடிவு அவருடையது மட்டுமல்ல, போனவருடையதும்தான்.