ஒரே சங்கொலியில் 72 பேர்

பீர்க்கன்கரணையில் பஸ் ஏறி ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால், கத்திப்பாரா தாண்டி அண்ணா சாலையில் நந்தனம் வரும். சாலையை ஒட்டிய மதிலுக்குப் பின்னால் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் 18 ஹோல் கோல்ஃப் மைதானம். தினமும் கடந்துபோகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பூங்கா என்றே நினைத்திருப்பார்கள்.

கோல்ஃப் மைதானம் விற்கும் சரக்கு நேரம்தான். ஆடுவதற்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், வெட்ட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறு உறுப்பினர்கள் நிரம்பிவிடுவார்கள். ஈயடிக்கும் செவ்வாய்க்கிழமைக் காலையை மொத்தமாக வாங்குகிறவர்கள் கம்பெனிகளும், முன்னாள் மாணவர் சங்கங்களும், அமெச்சூர் ஆட்டக்காரர் சங்கங்களும்தான்.

சிக்கல் எங்கே என்றால், வழக்கமாக எல்லோரும் முதல் ஹோலில்தான் தொடங்க வேண்டும். 72 பேர் வந்தால் நால்வராக 18 அணி. பத்து நிமிடத்துக்கு ஓர் அணி என்று 6 மணிக்கு ஆரம்பித்தால், கடைசி அணி பந்தைத் தொடும்போது 8.50. ஒரு சுற்றுக்கு நாலரை மணி நேரம் பிடிக்கும். முதலில் ஆடியவர்கள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கே போயிருப்பார்கள். பரிசளிப்புக்கு யார் இருப்பார்?

1956-இல் அமெரிக்காவின் வாலா வாலா கிளப்பில் ஜிம் ரஸ்ஸல் இதற்கு வழி கண்டார். ஹோலுக்கு ஓர் அணியை நிறுத்தி, துப்பாக்கியால் சுட்டு எல்லோரையும் ஒரே நேரத்தில் தொடங்கவைத்தார். முதல் ஹோலில் தொடங்கியவர் 18-இல் முடிப்பார். ஏழில் தொடங்கியவர் ஆறில் முடிப்பார். இன்று துப்பாக்கிக்குப் பதில் சங்கு. 10.30-க்குள் ஆட்டம் முடிந்து மொத்தக் கூட்டமும் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். கிளப்புக்குச் சாப்பாட்டு வரும்படியும் சேர்கிறது. சென்னை வெயிலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கூட்டத்தில் கற்றுக்குட்டிகளும் இருப்பார்கள். ஒருவர் ஒரே ஹோலில் பன்னிரண்டு அடி அடித்தால் பின்னால் வரும் அணி காத்துக் கிடக்கும். இங்கிலாந்து மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டின் புள்ளி முறை இதைத் தீர்க்கிறது. வாலசி கிளப்பில் 1932-இல் இந்த முறையில் முதல் போட்டி நடந்தது. நிர்ணயித்த அடிகளில் முடித்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, அதற்கு மேல் போனால் சுழியம். பந்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். ஆட்டத் திறனுக்கேற்ற ஹேண்டிகேப் சலுகையும் உண்டு. 18 ஹேண்டிகேப் உள்ளவருக்கு ஹோலுக்கு ஓர் அடி தள்ளுபடி. அதனால் மேலாளரைக் கணக்காளர் நியாயமாகவே தோற்கடிக்கலாம்.

இத்தனைக்கும் விலை, அன்று காலை மைதானம் உறுப்பினர்களுக்கு இல்லை. சந்தா கட்டுகிறவர் முணுமுணுக்காமல் இருப்பாரா? மாதத்துக்கு ஒன்றிரண்டு, அதுவும் வாரநாளில் என்றால்தான் இந்த வியாபாரம் கட்டுப்படியாகும்.