காப்புக் காடுகளும் கிராமத்தார் பாத்தியதைகளும்

பள்ளிப்பட்டு வட்டத்துக் குன்றுகளில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி ஏரிகளை நிரப்புகின்றது. எஞ்சியது கொசஸ்தலை ஆற்றின் வழியே, 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்லுகின்றது. குன்றின்மேல் மரமும் புதரும் உள்ளவரை மழைநீர் மண்ணில் ஊறி மெதுவாக இறங்கும். குன்று மொட்டையாயின் நீரும் மணலும் ஒருங்கே பாய்ந்து, வரத்துக்கால் தூர்ந்து, ஏரியும் மேடிட்டுப் போகும். ஆகவே காடு காக்கப்படுதல் நஞ்சை வைத்திருப்போருக்கே முதல் நன்மையாகும். ஆயினும் அதே காட்டில் ஆடுமாடு மேய்த்தும், தழை கொணர்ந்தும், வண்டிப்பாதை வைத்தும் வந்த குடிகள், காப்பு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அஞ்சுகின்றனர். சட்டம் எப்பொழுது எதைக் கேட்கின்றது என்பதை அறியாமையே இவ்வச்சத்திற்குப் பெரும்பாலும் காரணம்.

திருத்தணியைச் சார்ந்த இப்பக்கம் முன்னாளில் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி எடுத்துக்கொள்ளப்பட்ட ஜமீன்களின் காடுகளும் சர்க்காரைச் சேர்ந்தன. பின்னர், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் சித்தூர் ஜில்லாவிலிருந்து திருத்தணிப் பகுதி சென்னை இராஜ்யத்துடன் இணைந்தது. இன்று எல்லைக்கு அப்பால் 1967-ஆம் ஆண்டு ஆந்திர வனச் சட்டமும், இப்பால் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டமும் நடைபெறுகின்றன. மந்தைக்கு இவ்வெல்லை தெரியாது. மேய்ப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1882-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நிலம் ஒரே நாளில் காப்புக் காடாகிவிடுவதில்லை. முதலில் 4-ஆவது பிரிவின்கீழ், இன்ன எல்லைக்குட்பட்ட நிலத்தைக் காப்புக் காடாக்க உத்தேசம் என்று கெஜட்டில் அறிவிப்பு வெளியாகி, பாத்தியதைகளை விசாரிக்க வன நிர்ணய அதிகாரி ஒருவர் நியமிக்கப்படுவார். அவர் 6-ஆவது பிரிவின்படி அக்கம்பக்கத்து ஊர்களில் அவ்வட்டார மொழியிலேயே பிரகடனம் செய்வார். காட்டிற்குள் நிலம் உடையவருக்கு மட்டுமன்றி, காட்டையடுத்து நிலம் உடையவருக்கும் தனி அறிவிப்பு உண்டு. கோரிக்கை தெரிவிக்கக் குறைந்தது மூன்று மாதத் தவணை தரப்படும். எழுத்துமூலமாகவும் தெரிவிக்கலாம், நேரில் தோன்றி வாய்மொழியாகவும் சொல்லலாம்.

இம்மூன்று மாதமே கிராமத்தாருக்கு உயிர்நாடியான காலம். நிலத்தின் சொந்தம், வழிநடைப் பாதை, வாய்க்கால், மேய்ச்சல், வனப்பொருள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்லிப் பதிவு செய்தல் வேண்டும். மேய்ச்சல் எனின், எத்தனை கால்நடை, எவ்வகை, எந்தப் பருவத்தில் என்ற விவரமும் அவசியம். "தலைமுறை தலைமுறையாக மேய்த்து வருகிறோம்" என்று பொதுவாகச் சொல்வதால் பயன் சிறிது. மந்தை சென்ற பாதையையும், இறங்கும் ஓடையையும், அடங்கல், கிராம வரைபடம் முதலியவற்றையும் காட்டுதல் நன்று. வாய் திறவாது இருந்தவரின் பாத்தியதை, 16-ஆவது பிரிவின்கீழ் இறுதி அறிவிப்பு வெளியானதும் அற்றுப்போகும். தவணை கடந்தவர், தக்க காரணம் காட்டி அதற்கு முன்னரே அதிகாரியைத் திருப்திப்படுத்தினாலன்றி வேறு வழி இல்லை.

அன்று பதிவானதும் பதிவாகாததும் பின்னும் தொடர்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஏ பிரிவின்படி, ஏற்கெனவே காப்புக் காடாயுள்ள நிலத்தைப் பழைய விசாரணையை மீண்டும் தொடங்காமலே சரணாலயமாக அறிவிக்கலாம். சரணாலயத்தில் மேய்ச்சலை அதிகாரிகள் ஒழுங்குபடுத்தலாம் என்பதே அச்சட்டம். தேசியப் பூங்காவிலோ மேய்ச்சல் அறவே கூடாது. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்து, பின் அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றிற்கு மட்டும் என்று திருத்திற்று. ஆதலின் ஒரு காடு எந்த வகுப்பில் இருக்கின்றது என்பது ஆட்டுப்பட்டி வைத்திருப்பவருக்கு வெறும் பெயர் வேற்றுமையன்று.

2024-இல் ஈரோடு ஜில்லாவில் சுமார் 80,000 ஹெக்டேர் காடு தந்தை பெரியார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது, பர்கூர் மலைமாடு வளர்ப்போர் ஆட்சேபித்தது இதனாலேயே. அவ்வினமே காட்டு மேய்ச்சலில் உருவானது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டு இயற்றிய வனாந்தரச் சட்டம், மனிதன் குறுக்கிடாத நிலமாகக் காக்க வேண்டும் என்று கூறிச் சாலையையும் மோட்டார் வண்டியையும் விலக்கியது; எனினும் அதற்கு முன் நடந்துவந்த மேய்ச்சலை நிபந்தனையோடு அனுமதித்தது. காப்பும் மேய்ச்சலும் எங்கும் ஒன்றுக்கொன்று பகை என்று கொள்வதற்கில்லை. தொகையும் பருவமும் வரையறுக்கப்படாத மேய்ச்சலே இளங்கன்றுகளை அழிக்கின்றது.

காட்டையே வாழ்விடமாகவோ பிழைப்பாகவோ கொண்டோருக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேறொரு வழி தந்துள்ளது. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்துவரும் பழங்குடியினரும், அத்தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அவ்வாறு வாழ்ந்த ஏனையோரும் கிராம சபை மூலம் கோரலாம். இருளர் குடும்பங்கள் உள்ள ஊர்களில் இதனைக் கிராம சபையில் வாசித்து அறிவித்தல் வேண்டும்.

பிரகடனம் எதுவும் வருமாயின், கிராம நிர்வாக அலுவலர் அதனைச் சாவடியில் ஒட்டிவிட்டு நின்றுவிடலாகாது. எல்லையை ஓடை, கல், சர்வே எண் ஆகியவற்றுடன் ஒப்பிட்டு, அடுத்துள்ள பட்டாதாரர்களுக்கு நேரில் காட்டி, தவணை முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.