எங்கே வலிக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும்

நமது மாலை நேர வகுப்புக்கு வரும் சிறுவன் ஒருவன், மூன்றாம் வகுப்புப் படிப்பவன், இரண்டு நாள் வயிற்று வலியோடு இருந்தான். வீட்டில் கேட்டால் "வயிறு வலிக்குது" என்பான். எங்கே என்றால் வயிறு முழுவதையும் தடவிக் காட்டுவான். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சலும் வாந்தியும் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடல்வால் வீங்கியிருந்தது. உடனே அறுவை சிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறான்.

டாக்டர் பக்குவமாகக் கேட்டபோது, முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது, பிறகு வலி வலப்பக்கம் கீழே இறங்கிவிட்டது என்று அவன் சரியாகவே சொன்னானாம். அப்படிப் பிரித்துச் சொல்லலாம் என்று அதுவரை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாங்களும்தான். அதன் பிறகு நமது வகுப்பில் வாரம் ஒரு நாள் உடல் உறுப்புகளைப் பற்றிப் பேசி வருகிறோம். அதில் வீட்டிலேயே செய்யக்கூடியவற்றை இங்கே எழுதுகிறோம்.

கறிப் பையிலிருந்து தொடங்குங்கள்

உள்ளுறுப்புகளைக் காட்ட விலை கொடுத்துப் படம் வாங்க வேண்டியதில்லை. குர்பானி நாளிலும், கறி வாங்கும் நாளிலும் அவை நம் சமையலறைக்கே வருகின்றன. கழுவும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஈரல் எது, கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்கும் மண்ணீரல் எது, அவரை விதை போல் இருக்கும் சிறுநீரகம் எது என்று காட்டுங்கள். நமக்கும் இவை எல்லாம் இருக்கின்றன என்று சொல்லுங்கள். வித்தியாசத்தையும் சொல்லலாம். புல் தின்னும் ஆட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. நம்முடையது ஒரே பை.

பிறகு பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, பிள்ளையை அதன்மேல் படுக்க வைத்து உடலைச் சுற்றிக் கோடு வரையுங்கள். அந்த உருவத்துக்குள் ஒவ்வொரு உறுப்பாக அவர்களையே வரைந்து ஒட்டச் சொல்லுங்கள். ஈரல் வலப்பக்கம், விலா எலும்புக்கு உள்ளே. இரைப்பை இடப்பக்கம். சிறுநீரகங்கள் முதுகுப் பக்கம், முதுகெலும்புக்கு இரு புறமும். ஒட்டி முடித்ததும் தன் உடம்பிலேயே அந்த இடங்களைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இதயமும் நுரையீரலும்

கையை மூடச் சொல்லுங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் அவர்களுடைய இதயம். நெஞ்சின் நடுவில், சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. 1816ல் பிரான்சு நாட்டு மருத்துவர் லெனெக், ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இன்றைய ஸ்டெதாஸ்கோப் அதிலிருந்து வந்ததுதான். நோட்டுத் தாள் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தால், தம்பியின் நெஞ்சில் ராத்தாவும், ராத்தாவின் நெஞ்சில் தம்பியும் கேட்டுப் பார்ப்பார்கள். சும்மா இருக்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு, ஓடி வந்த பின் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். உழைக்கும் தசைக்குக் கூடுதல் இரத்தம் தேவை என்பது தானாகப் புரியும்.

இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போய், காற்றோடு சேர்ந்து இடப்பக்கம் திரும்புகிறது. இதைத் தெளிவாக எழுதி வைத்தவர் டமாஸ்கஸில் படித்து, கெய்ரோவில் மருத்துவம் பார்த்து, 1288ல் அங்கேயே வஃபாத்தான இப்னு அந்நஃபீஸ். உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628ல் நூலாக வெளியிட்டார். இரண்டு பெயரையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

சேலையை விட நீளமான குடல்

வயிற்றுக்குள் இருக்கும் சிறுகுடல், பெரியவர்களுக்கு ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். உம்மாவின் சேலை ஒன்றை அறையில் விரித்துக் காட்டுங்கள். அதை விடவும் சற்று நீளம். இவ்வளவும் சுருண்டு மடிந்து உள்ளே இருக்கிறது என்றால் நம்பவே மாட்டார்கள். சோற்றின் சத்து இரத்தத்தில் சேர்வது இங்கேதான். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் வயிற்றின் வலப்பக்கம் கீழே இருக்கிறது. அங்கே சின்ன விரல் போலத் தொங்குவதுதான் குடல்வால்.

பெற்றோர் ஒன்றை நினைவில் வையுங்கள். தொப்புளில் தொடங்கிய வலி வலப்பக்கம் கீழே இறங்கினாலோ, நடந்தால் குதித்தால் வலி கூடினாலோ, காய்ச்சல், வாந்தி சேர்ந்து வந்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பேதி மருந்து கொடுக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் குடிக்காத பெண் பிள்ளைகள்

சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் பெரியவர்கள் உடலில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்கே போகிறது. ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது. இந்த வேலைக்குத் தண்ணீர் வேண்டும். வகுப்பில் இதைச் சொன்னபோது சில பெண் பிள்ளைகள், பள்ளியில் கழிவறை சுத்தமாக இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றார்கள். அடக்கி வைப்பதாலும் தண்ணீர் குறைவதாலும் சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று வரும். இதைப் பிள்ளையிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. பெற்றோர்கள் நாலு பேர் சேர்ந்து பள்ளி நிர்வாகத்திடம் பேச வேண்டும்.

மறைவான உறுப்புகள்

இதைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் பெயரே தெரியாத இடத்தில் வலித்தாலும், புண் வந்தாலும், யாராவது தொட்டாலும் பிள்ளை எப்படிச் சொல்லும்? உம்மாவோ வாப்பாவோ மரியாதையான சொற்களில் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். உடை மறைக்கும் இடத்தை வேறு யாரும் தொடக் கூடாது. டாக்டர் பார்ப்பதென்றாலும் உம்மா, வாப்பா கூடவே இருப்பார்கள் என்று சொல்லுங்கள். தொட்டவர் உறவினரானாலும், ஆசிரியரானாலும், "யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டினாலும், நம்மிடம் சொல்லலாம், நாம் திட்டமாட்டோம் என்பது பிள்ளைக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அதையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

மூன்று கேள்விகள்

வகுப்பில் இப்போது பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகளைப் பழக்கியிருக்கிறோம். எங்கே வலிக்கிறது? ஒரு விரலால் காட்ட வேண்டும். எப்போதிலிருந்து? அந்த இடத்திலேயே இருக்கிறதா, நகர்ந்ததா? வீட்டிலும் இதைக் கேட்டுப் பழகுங்கள். கேட்ட பிறகு, பிள்ளை சொல்லும் பதிலை நம்பி, முழுவதையும் பொறுமையாகக் கேளுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த அந்தச் சிறுவன் வகுப்பில் செய்தித்தாள் உருவத்தில் முதலில் ஒட்டியது குடல்வாலைத்தான். இடம் சரியாக இருந்தது.