கண்ணுக்கு மை: எங்கே, எப்படி, யாருக்கு?

ஊரிலிருந்து வரும் பொதியைப் பிரித்தால் மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல் மாவு ஆகியவற்றுக்கு நடுவே சில வேளைகளில் ஒரு சின்ன மைச்சிமிழும் இருக்கும். "பிள்ளையின் கண்ணுக்குப் பூசு, கண் பெரிதாக வரும்" என்று அம்மம்மா சொல்லி அனுப்பியிருப்பார். சாண்ட்ரிங்ஹாம் வீதிப் பக்கம் சாமான் வாங்கப் போனாலும் பல நாட்டு மை வகைகள் கண்ணில் படுகின்றன. எதை வாங்குவது, எப்படிப் பூசுவது என்பதை இங்கே சொல்லித்தர அம்மாவோ மாமியோ பலருக்குப் பக்கத்தில் இல்லை.

மையும் பொட்டும் எமது பெண்களுக்கு வெறும் அலங்காரம் மட்டுமல்ல. அவற்றைக் கைவிடச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமும் அல்ல. எங்கே பூசலாம், எதைப் பூசலாம், யாருக்குப் பூசக்கூடாது என்ற மூன்றையும் அறிந்துகொண்டால் கண்ணுக்கு அழகும் உண்டு, நலமும் உண்டு.

உள்விளிம்பில் இருப்பது என்ன?

கண்ணாடிக்கு முன் நின்று கீழிமையைச் சற்றே கீழே இழுத்துப் பாருங்கள். இமைமயிர் வரிசைக்கும் விழிக்கும் இடையே ஈரமான, இளஞ்சிவப்பான ஒரு விளிம்பு தெரியும். மை தீட்டும்போது நாம் வழக்கமாகக் கோடு இழுப்பது இதன் மேல்தான்.

இந்த விளிம்பில் ஊசிமுனை போன்ற துவாரங்கள் வரிசையாக இருக்கின்றன. அவை மைபோமியன் எனப்படும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். மேலிமையில் 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். நாம் இமைக்கும்போது இவற்றிலிருந்து வரும் எண்ணெய், கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி அது ஆவியாகாமல் காக்கிறது. மையோ மெழுகும் எண்ணெயும் கரிய நிறப்பொருளும் சேர்ந்த கலவை. அதை நாள்தோறும் இந்தத் துவாரங்களின் மேல் பூசினால் அவை அடைபடலாம். கண் வரண்டு எரிவதும், உறுத்துவதும், கண்கட்டி திரும்பத் திரும்ப வருவதும் இதனால் ஏற்படக்கூடும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலாநிதி அலிசன் இங் நடத்தி 2015இல் வெளியான ஆய்வொன்று இதைக் கண்ணால் காட்டியது. மைப் பென்சிலை இமைமயிருக்கு வெளியே பூசியபோதும் உள்விளிம்பில் பூசியபோதும் கண்ணீரில் கலந்த துகள்களைப் படம் பிடித்து ஒப்பிட்டார்கள். உள்விளிம்பில் பூசியபோது 5 நிமிடங்களுக்குள் 15 முதல் 30 சதவீதம் வரை அதிகமான துகள்கள் கண்ணீருக்குள் சென்றிருந்தன. கண்ணில் வில்லை அணிபவர்களுக்கு இத்துகள்கள் வில்லையில் ஒட்டிக்கொண்டு மேலும் தொல்லை தரும்.

சிமிழுக்குள் இருப்பது என்ன?

துவாரம் அடைபடுவது பூசுபவருக்கு மட்டும் வரும் தொல்லை. இனிச் சொல்லப் போவது வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் பாதிக்கக்கூடியது.

சுருமா, கோல், காஜல் என்ற பெயர்களில் வரும் சில மைகள் கலீனா எனும் கரிய கல்லை அரைத்துச் செய்யப்படுகின்றன. கலீனா என்பது ஈயத்தின் தாது. ஈயம் உடலுக்குள் சென்றால், முக்கியமாகச் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும், கற்கும் ஆற்றலையும், இரத்தத்தையும் பாதிக்கும். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

"கண்ணில் பூசுவது உடலுக்குள் எப்படிப் போகும்?" என்று கேட்கலாம். கண்ணீர், மூக்கின் வழியாகத் தொண்டைக்கு இறங்குகிறது. அதோடு, பிள்ளை கண்ணைக் கசக்கும், அந்த விரலையே வாயிலும் வைக்கும். இவ்வளவும் போதும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2013இல் அகதிக் குடும்பமொன்றின் 4 மாதக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த மையே காரணம் எனக் கண்டுபிடித்தார்கள். அந்த மையில் பாதிக்கு மேல் ஈயமாகவே இருந்தது. பெற்றோர் எம்மைப் போல, பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான் பூசினார்கள்.

நியூசிலாந்துச் சட்டப்படி ஈயத்தையும் ஈயச் சேர்மங்களையும் அழகுசாதனப் பொருட்களில் சேர்க்கக்கூடாது. சேர்மானங்களின் பட்டியலும் பொதியில் இருக்க வேண்டும். ஆனால் பயணப் பெட்டியிலும் தபாலிலும் வரும் சிமிழை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆகவே நீங்களே பாருங்கள். சேர்மானப் பட்டியல் இல்லாத மை, தயாரித்தவர் பெயர் இல்லாத மை, கல்லை அரைத்த தூளாக வரும் மை ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். கறுப்பு நிறத்துக்காகப் பாதுகாப்பாகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் இரும்பு ஒட்சைட்டு. பட்டியலில் 77499 என்ற எண் அதைத்தான் குறிக்கிறது.

பிள்ளைகளின் கண்ணுக்கு வேண்டாம்

மை பூசுவதால் கண் பெரிதாவதுமில்லை, பார்வை கூர்மையாவதுமில்லை. பிறந்த குழந்தைகள் சிலருக்குக் கண்ணீர்க் குழாய் முழுமையாகத் திறந்திருக்காது. அந்தக் கண்ணில் மையையும் விரலையும் வைத்தால் கிருமிகளுக்கு வழி திறந்துவிட்டதாகிவிடும்.

"நாங்கள் வீட்டிலே விளக்குத் திரி எரித்து, கரி பிடித்துச் செய்த மைதானே" என்று சிலர் சொல்வார்கள். அதில் கலீனாக் கல் இல்லை என்பது சரி. ஆனாலும் புகைக்கரியும் எண்ணெயும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. பச்சைப்பிள்ளையின் கண்ணுக்கு அதுவும் வேண்டாம்.

நாவூறு படாமல் இருக்க வேண்டுமென்றால் சவ்வரிசி கருக்கிச் செய்த பொட்டை நெற்றியிலோ கன்னத்தின் ஓரத்திலோ, உள்ளங்காலிலோ வைக்கலாம். வழக்கமும் போகாது, கண்ணும் தப்பும். அம்மம்மாவுக்கும் இப்படிச் சொன்னால் மனம் நோகாது.

இதுவரை பூசி வந்திருந்தால் பயப்படாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். பிளங்கெட் தாதியிடமோ குடும்ப வைத்தியரிடமோ சிமிழைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் ஈய அளவு தெரிந்துவிடும். 2021ஆம் ஆண்டு முதல் அந்த அளவு லீற்றருக்கு 0.24 மைக்ரோமோலோ அதற்கு மேலோ இருந்தால் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கப்படும். இது தாயைக் குற்றம் சாட்டுவதற்கு அல்ல. ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவதற்கே. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்க்கப் பெரும்பாலான குடும்ப வைத்தியர்கள் கட்டணம் வாங்குவதில்லை.

பெரியவர்கள் பூசும் முறை

1. முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். விரலாலோ தீக்குச்சியாலோ பூச வேண்டாம். பென்சிலே நல்லது.

2. ஒவ்வொரு முறையும் பென்சிலைச் சிறிது சீவி, முனையைச் சுத்தமான கடுதாசிக் கைக்குட்டையில் துடையுங்கள். பழைய படை போய்விடும். மரம் கீறாதபடி முனை மழுங்கலாக இருக்கட்டும்.

3. மேலிமைக்கு: கீழே பார்த்தபடி, இமையை மெல்ல உயர்த்தி, இமைமயிரின் வேர்களுக்கு இடையே சிறு புள்ளிகளாக வையுங்கள். புள்ளிகள் சேர்ந்து கோடாகத் தெரியும். ஈர விளிம்பைத் தொடத் தேவையில்லை.

4. கீழிமைக்கு: மேலே பார்த்தபடி, இமைமயிருக்கு வெளிப்பக்கமாக வேரை ஒட்டி மெல்லிய கோடு இடுங்கள். மூக்கை ஒட்டிய மூலையில் கண்ணீர் இறங்கும் துவாரம் இருப்பதால் அதை விட்டுவிடுங்கள்.

5. கலியாணம், கோயில் திருவிழா போன்ற நாட்களில் உள்விளிம்பில்தான் வேண்டுமென்றால், வெளிப்புற மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஒரே முறை இழுங்கள். நாள்தோறும் வேண்டாம்.

6. ஓடும் பஸ்ஸிலோ காரிலோ பூச வேண்டாம். ஒரு குலுக்கல் போதும், முனை விழியைக் கீறிவிடும்.

7. வில்லை அணிபவர்கள் வில்லையை முதலில் போட்டு, பின்பு மை பூசுங்கள். இரவில் வில்லையைக் கழற்றிய பின்னர் மையைத் துடையுங்கள்.

8. மையோடு படுக்கக்கூடாது. கண்ணை மூடி, கண்ணுக்குரிய மை நீக்கியில் நனைத்த பஞ்சை இமையில் சிறிது நேரம் வைத்து, பின் மெல்லத் துடையுங்கள். தேய்க்க வேண்டாம்.

அழகுக்கும் இதுவே நல்லது

கண்ணின் உள்விளிம்பு முழுவதையும் கறுப்பாக்கினால் சிறிய கண் இன்னும் சிறிதாகவே தெரியும். கறுப்பை வேர்ப்பக்கத்துக்கு மாற்றினால் வெள்ளை விழி கூடுதலாகத் தெரிந்து கண் விரிந்து காணப்படும், இமைமயிரும் அடர்த்தியாகத் தெரியும். வெளி மூலையில் கோட்டைச் சற்றே தடிப்பித்து மேல்நோக்கி முடித்தால் களைத்த கண்ணும் தெளிவாகும். வேலைக்குப் போகும் நாட்களில் கடும் பழுப்பு நிற மை எமது மாநிறத்துக்கு நன்றாகப் பொருந்தும், கலைந்தாலும் எடுத்துக் காட்டாது.

நடன வகுப்புத் தாய்மார்களுக்கு

பரதநாட்டியத்தில் கண்ணே பாதி பேசும். மேடை விளக்கில் கண் தெரிய மை அவசியம்தான். ஆனால் ஒப்பனை அறையில் ஒரே பென்சில் இருபது பிள்ளைகளின் கண்களைச் சுற்றி வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பிள்ளைக்குக் கண்நோய் இருந்தால் அது அந்தப் பென்சிலிலேயே ஏறிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய தனிப் பென்சில் கொடுத்து அனுப்புங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. மேடைக்கும் கோட்டை இமைக்கு வெளியே தடிப்பாக இட்டால் கடைசி வரிசை வரை தெரியும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

கண் சிவந்து பீளை கட்டினால் பூசுவதை நிறுத்தி, அந்தப் பென்சிலை எறிந்துவிடுங்கள். இரண்டொரு நாளில் குறையாவிட்டால் வைத்தியரிடமோ, கண் பரிசோதிக்கும் ஒப்டோமெட்ரிஸ்டிடமோ காட்டுங்கள். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாமை, வில்லை அணிந்த கண்ணில் சிவப்பு ஆகியவை இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஒக்லாந்தின் கண் சிகிச்சைப் பிரிவு எமக்கு அருகில் கிறீன்லேனில் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் ஹெல்த்லைன் 0800 611 116 என்ற இலக்கத்தை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று முதலிலேயே கேளுங்கள். சிறு பிள்ளை மையை வாயில் போட்டுவிட்டால் நச்சுப்பொருள் தகவல் நிலையத்தின் இலக்கம் 0800 764 766.

இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள மைச்சிமிழ்களை எல்லாம் வெளியே எடுத்துப் பாருங்கள். பட்டியல் இல்லாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது கொண்டுபோங்கள். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, "அம்மா, இனி மை அனுப்ப வேண்டாம், பனங்கட்டி மட்டும் போதும்" என்று சொல்லிவிடுங்கள்.