போக்சோ விசாரணையில் குழந்தைக்குள்ள உரிமைகள்

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை நடந்ததைக் கோவையாகச் சொல்வது அரிது. பயத்தில் பதிந்த நினைவு துண்டு துண்டாகவே வெளிவரும். நாளும் நேரமும் குழம்பும். சில குழந்தைகள் அழுவதுகூட இல்லை. ஒன்றும் நடக்காததுபோல விளையாடிக்கொண்டிருக்கும். இதை அறியாத அதிகாரி, குழந்தை பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார். பள்ளி, காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று போகுமிடமெல்லாம் முதலிலிருந்து சொல்லவைப்பது, ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறுவதுதான்.

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், தண்டனையோடு நிற்காமல் விசாரிக்கும் முறையையும் மாற்றியது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் அனைவருக்கும் அது பொருந்தும். வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி வர வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க, குழந்தையின் சொற்களிலேயே எழுத வேண்டும். எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சொல்லி அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ சிகிச்சையை மறுக்க முடியாது, அது இலவசமும்கூட. பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இருவிரல் சோதனையை நடத்துவது ஒழுங்கீனம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்தில் வழக்கறிஞர் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். மிரட்டும் கேள்விகளுக்கும், நடத்தையைக் களங்கப்படுத்தும் கேள்விகளுக்கும் இடமில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதபடி திரையோ காணொலியோ ஏற்பாடு செய்ய வேண்டும். வழக்கை நீதிமன்றம் ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவுசெய்து, கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். பல வழக்குகளில் இந்தக் கெடு தவறிப்போகிறது. மறக்க முயன்றதையெல்லாம் ஆண்டுகள் கழித்து மீண்டும் நினைத்துப் பார்க்கும் கொடுமை அந்தக் குழந்தைக்கு நேர்கிறது.

குடும்பங்கள் பெரும்பாலும் கேட்டுப்பெறாத உரிமை ஒன்று உண்டு: ஆதரவு நபர். சட்டப்படி, காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, குழு நியமிக்கும் ஆதரவு நபர் விசாரணை முழுதும் குழந்தைக்குத் துணைநின்று, வழக்கின் போக்கைக் குடும்பத்துக்கு விளக்குவார். இந்தத் துணை கட்டாயம் கிடைக்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

குற்றம் தெரிந்தும் புகார் தராத பெரியவர் தண்டனைக்குரியவர். ஆனால் ஆசிரியரோ அண்டை வீட்டாரோ துருவித் துருவி விசாரிக்க வேண்டியதில்லை. கேட்டதை நம்பி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ காவல்துறைக்கோ தெரிவித்தால் போதும். குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடுவது குற்றம். வாட்ஸ்அப்பில் பகிர்வதையும் தவிர்த்தாக வேண்டும்.

புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரியும் தண்டனைக்குரியவரே. அப்போது மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பலாம். எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்திடம் இடைக்கால இழப்பீடு கோரலாம். குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், வழக்கு விடுதலையில் முடிந்தாலும், பாதிப்பு நேர்ந்திருப்பதாக நீதிமன்றம் கருதினால் இழப்பீடு வழங்க விதி இடமளிக்கிறது.