கிருஷ்ணாயிலும் 20.5 என்ற எண்ணும்

திருத்தணிப் பக்கம் மண்ணெண்ணெயைக் கிருஷ்ணாயில் என்போம். எல்லை தாண்டி நகரி போனால் கிரசனாயில். பெயர் எதுவானாலும் பழைய ஆபத்து ஒன்று இருக்கிறது: தண்ணி பாட்டிலில் ஊற்றி வைத்ததைக் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். உடனே எல்லாரும் கவலைப்படுவது வயிற்றைப் பற்றி. உண்மையில் கவலைப்பட வேண்டியது நுரையீரலைப் பற்றி. அதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, அந்தத் திரவம் எவ்வளவு 'தண்ணியா' ஓடுகிறது என்பதற்குத்தான்.

ஓடுவதற்கு ஒரு திரவம் காட்டும் முரண்டுதான் பாகுநிலை. விளக்கெண்ணெய் மெதுவாக நகரும். புரையேறினாலும் தொண்டை சுதாரித்து இருமித் தள்ள நேரம் கிடைக்கும். மண்ணெண்ணெய் அப்படியில்லை. சில மில்லி மூச்சுக்குழாய்க்குள் நழுவினாலே மெல்லிய படலமாகப் பரவி, காற்றுப்பைகளைச் சுருங்காமல் காக்கும் பூச்சைக் கெடுத்து, ரசாயன நிமோனியாவை உண்டாக்கும்.

இதற்கு ஐ.நா.வின் ரசாயன வகைப்பாட்டு முறை (ஜிஎச்எஸ்) ஒரு கோடு போட்டிருக்கிறது. ஹைட்ரோகார்பன் திரவம், 40 டிகிரி செல்சியஸில் இயக்கப் பாகுநிலை 20.5 சென்டிஸ்டோக்ஸ் அல்லது அதற்குக் கீழே என்றால், 'விழுங்கி மூச்சுப்பாதையில் புகுந்தால் உயிருக்கு ஆபத்து' என்று லேபிளில் எழுதணும். நம்ம மென்பொருள் பாஷையில் சொன்னால், ஒரே வரி 'இஃப்' கண்டிஷன். மண்ணெண்ணெய் அதே வெப்பத்தில் சுமார் 1 முதல் 2 வரைதான். விளக்கெண்ணெய் 200-க்கும் மேலே.

தண்ணீர் 0.66 தானே, அதுவும் ஆபத்தா என்று கேட்கலாம். விதி ஹைட்ரோகார்பன்களுக்கானது. எண்ணெயைப் போலத் தண்ணீர் அந்தப் பூச்சில் கலந்து பரவாது.

அளப்பது எப்படி? மெல்லிய துளையுள்ள கண்ணாடிக் குழாய் போதும். இரண்டு கோடுகளுக்கு இடையே திரவம் தன் எடையாலேயே இறங்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்து, குழாயின் மாறிலியால் பெருக்கணும். மாறிலி 0.005, நேரம் 300 நொடி என்றால் விடை 1.5 சென்டிஸ்டோக்ஸ்.

கஷ்டமெல்லாம் வெப்பநிலையில்தான். சூடு ஏறினால் எண்ணெய் இளகும். 30 டிகிரியில் 25 காட்டிப் 'பாதுகாப்பு' போலத் தெரியும் எண்ணெய், 40-இல் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடலாம். அதனால்தான் குழாயைத் தொட்டியில் அமிழ்த்தி, 0.02 டிகிரிக்கு மேல் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். 40 டிகிரி என்பது வெறும் ஆய்வகக் கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். மே மாதத்துத் திருத்தணிக்கு அது சாதாரண மத்தியானம்.

இந்த எண்ணிலிருந்து வீட்டுக்கு வரும் பாடம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெய், தின்னர், டர்ப்பன்டைன், திரவக் கொசு மருந்து எதைக் குடித்திருந்தாலும் உப்புத்தண்ணியோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போனது திரும்பத் தொண்டைக்கு வந்தால், நுரையீரலுக்குள் நுழைய அதற்கு இரண்டாவது வாய்ப்பு. 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். குழந்தை சாதாரணமாகத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். மருத்துவர் சொல்லும்வரை கிளம்பாதீர்கள்.

அடுத்த முறை ஒரு ரசாயனத்தின் பாதுகாப்புத் தாள் கையில் கிடைத்தால், 9-ஆம் பிரிவில் பாகுநிலையைத் தேடுங்கள். பக்கத்தில் வெப்பநிலை எழுதாவிட்டால் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது.