பதின்மூன்று குடியேற்றங்கள் பேரரசான வரலாறு

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்தில் பிரித்தானியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பதின்மூன்று குடியேற்றங்கள் 1776இல் சுதந்திரப் பிரகடனம் செய்தன. 1783இல் பிரித்தானியா அதனை ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து 115 ஆண்டுகளில் அதே நாடு பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஆசியாவில் தனக்கென ஒரு குடியேற்ற நாட்டைப் பெற்றுக்கொண்டது. தனியார் முயற்சியும் தடையற்ற வர்த்தகமுமே இவ்வளர்ச்சிக்குக் காரணம் என நமக்குச் சொல்லப்படுவதுண்டு. வரலாறு வேறுவிதமாகவே கூறுகின்றது.

தன் ஆலைகளுக்கு மூலப்பொருள் தரும் இடமாகவே பிரித்தானியா அக்குடியேற்றங்களைக் கருதியது. 1750ஆம் ஆண்டின் இரும்புச் சட்டம், கச்சா இரும்பை அங்கே உற்பத்தி செய்து அனுப்பலாம், ஆனால் உருக்கு உலைகளையோ தகடாக்கும் ஆலைகளையோ புதிதாக அமைக்கக் கூடாது என விதித்தது. பெருந்தோட்டங்களின் வரலாற்றை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு புதியதன்று.

விடுதலை பெற்ற நாட்டின் முதலாவது திறைசேரிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்ட்டன், இளங் கைத்தொழில்களை அரசு பாதுகாத்து வளர்க்க வேண்டுமென்று 1791இல் காங்கிரசுக்கு அறிக்கை சமர்ப்பித்தார். அது உடனடியாக முழுமையாக நிறைவேறவில்லை. எனினும் 1816 முதல் பாதுகாப்புத் தீர்வைகள் வந்தன. 1861 தொடக்கம் 1913 வரையான காலத்தின் பெரும்பகுதியில், தீர்வைக்குட்பட்ட இறக்குமதிகள் மீது சராசரியாக 40 முதல் 50 வீதம் வரை அறவிடப்பட்டது. அந்த மதிலுக்குள்ளேதான் அமெரிக்கக் கைத்தொழில் வளர்ந்தது. தொழில்நுட்பமும் கேட்டுப் பெற்றதல்ல. பஞ்சாலை இயந்திரங்களின் அமைப்பை மனதில் பதித்துக்கொண்டு, தடைச்சட்டத்தையும் மீறி 1789இல் இங்கிலாந்தை விட்டு வெளியேறிய சாமுவேல் ஸ்லேட்டர் என்பவரே றோட் ஐலண்டில் நூற்பாலையை இயக்கிவைத்தார். இன்றாயின் இதற்குப் புலமைச் சொத்துத் திருட்டு என்று பெயர். சந்தையைத் திறந்துவிடுமாறு வறிய நாடுகளுக்கு நெடுங்காலம் புத்தி சொன்ன அந்நாடு, 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்துப் பின்னர் அதனை 20 வீதமாகக் குறைத்தபோது நம்மில் பலர் வியப்படைந்தனர். வரலாற்றைப் படித்தவர்கள் வியக்கக் காரணமில்லை.

கிராம அபிவிருத்தியில் ஈடுபட்டோர் 1862ஆம் ஆண்டைச் சற்று ஊன்றிக் கவனிக்கலாம். உள்நாட்டுப் போரின் நடுவே மூன்று முக்கிய சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிடும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வழங்கியது. மற்றொன்று, அரச நிலத்தை விற்று வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவியது. மூன்றாவது, புகையிரதக் கம்பனிகளுக்கு நிலமும் கடனும் அளித்தது. 1869 மே 10இல் கிழக்கும் மேற்கும் தண்டவாளத்தால் இணைந்தன. உழுபவனுக்கு நிலம், அவனுக்குக் கல்வி, விளைச்சலுக்குப் பாதை: நாம் இன்றும் கேட்டுக்கொண்டிருப்பவை இவைதாமே.

ஆனால் அது யாருடைய நிலம்? 1830ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்தின் பின்னர், செரோக்கி மக்கள் 1838இல் படையினரால் மேற்கு நோக்கித் துரத்தப்பட்டனர். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் மாண்டனர் எனக் கணிக்கப்படுகின்றது. 1848இல் மெக்சிக்கோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. நாட்டின் முதன்மை ஏற்றுமதியான பருத்தியை அடிமைகளே பயிரிட்டனர். 1790இல் ஏறக்குறைய ஏழு இலட்சமாக இருந்த அவர்கள் தொகை, 1860இல் நாற்பது இலட்சத்தை எட்டியிருந்தது.

1890ஆம் ஆண்டளவில் உருக்கு உற்பத்தியில் அமெரிக்கா பிரித்தானியாவை முந்தியது. உலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தோரில் பலர் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கர். அவர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்திருந்த தொழிலாளர் சங்கத்தைத் திருச்சபை கண்டிக்கக் கூடாதென, பால்ட்டிமோர் பேராயர் கர்தினால் கிப்பன்ஸ் 1887இல் உரோமையில் வாதாடினார். நான்கு ஆண்டுகளின் பின்னரே பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் தொழிலாளர் பற்றிய திருமடல் வெளிவந்தது.

1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் வென்ற அமெரிக்கா, புவேர்ட்டோ ரிக்கோ, குவாம் ஆகியவற்றுடன், இரண்டு கோடி டொலர் கொடுத்துப் பிலிப்பைன்சையும் பெற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஜூனிலேயே சுதந்திரப் பிரகடனம் செய்திருந்த பிலிப்பைன்ஸ் மக்களுக்குப் பாரிஸ் பேச்சுவார்த்தையில் ஆசனம் கிடைக்கவில்லை. தொடர்ந்த போரில், 1902 வரையில், சண்டையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் மடிந்த பொதுமக்கள் இரண்டு இலட்சம் வரை எனக் கூறப்படுகின்றது. முந்நூறு ஆண்டுகளாகக் கத்தோலிக்கராயிருந்த அம்மக்களைக் கிறிஸ்தவராக்கப் போகின்றோம் என அமெரிக்காவில் பேசியோரும் உளர்! ஸ்பானிய ஆட்சியில் நம் துறவற சபைகள் அங்கு பெரும் நிலவுடைமையாளராக இருந்து குடியானவரின் வெறுப்பைத் தேடிக்கொண்டதையும் மறைப்பதற்கில்லை. அந்நிலங்களில் சுமார் நான்கு இலட்சம் ஏக்கரை அமெரிக்க ஆட்சி 1903இல் விலைக்கு வாங்கியது.

தன் ஆலைகளை உயர்ந்த தீர்வையால் காத்த நாடு, 1909இல் பிலிப்பைன்ஸ் தன் பொருட்களுக்குத் தீர்வை விதிக்க முடியாதபடி சட்டம் செய்தது. அங்கு வளர்ந்தவை சீனி, தேங்காய், மணிலா நார் என்பவையே. உடுதுணி முதல் இயந்திரம் வரை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1946 ஜூலை 4இல் சுதந்திரம் வழங்கப்பட்டபோதும், போரினால் அழிந்த நாட்டைக் கட்டியெழுப்பும் உதவியின் பெரும்பகுதி ஒரு நிபந்தனையோடு இணைக்கப்பட்டது: இயற்கை வளங்களைப் பயன்படுத்துவதில் அமெரிக்கருக்கும் சமவுரிமை அளித்து அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். 1947 மார்ச்சில் அத்திருத்தம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அவ்வுரிமை 1974 வரை நீடித்தது.